நான் தாய்மாமனாக நின்ற கதை

களப்பணிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். நீங்கள் எல்லாரும் பட்டமேற்படிப்பு முடித்துவிட்டு, கையில் டேப்லெட்டோடு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகிற சாலையில் எந்த ஊரில் இறங்கி என் பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு ஒரு டீ கிடைக்கும். அதை எந்தக் கல்லூரியிலும் தரமாட்டார்கள்.

ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற நம் வேலையின் சட்டம் ஒன்றுதான். ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயரைப் பட்டியலில் எழுதினால், அது படித்து முடித்து ஒரு வேலையில் உட்காரும் வரை அதே களப்பணியாளர்தான் கூட நிற்க வேண்டும். ஆள் மாறக்கூடாது. ஏழைப் பிள்ளைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பாதியில் போகிறவர்களாகவே இருக்கிறார்கள். போகாத ஆள் ஒருவராவது வேண்டும் என்பதுதான் கணக்கு.

நான் அப்படி நின்றவன். என் பட்டியலிலிருந்து போனவர்களில் கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார். கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன் இருக்கிறான். தஞ்சாவூரில் பள்ளிக்கூடத்துக்கே தலைமையாசிரியையாக ஒருத்தி இருக்கிறாள். அவள் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் ஓடியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் சேற்று வாசனைதான் வரும். நடவுக் காலத்தில் வீட்டுக்குப் போய்ப் பயனில்லை, வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். சைக்கிளை வாய்க்கால் மதகில் சாய்த்துவிட்டு வரப்பில் நிற்பேன். பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். நானும் வரப்பில் அவர்களோடு பின்னால் நகர்வேன். பிள்ளை சரியாகப் பள்ளிக்கூடம் போகிறதா, காய்ச்சல் விட்டதா, வாத்தியார் அடிக்கிறாரா என்று கேட்பேன். குனிந்த தலை நிமிராமல் பதில் வரும். ஒரு வயல் நட்டு முடிவதற்குள் நான்கு பிள்ளைகளின் விவரம் கிடைத்துவிடும். ஒருமுறை அப்படிப் பின்னால் நகர்ந்தே வாய்க்காலுக்குள் விழுந்தேன். அந்த வருஷம் முழுக்க அந்த ஊரில் என்னைப் பார்த்தவுடன் பாதை காட்டினார்கள்.

வெற்றிக் கதைகளை நேரில் வந்து கேளுங்கள், நாள் முழுக்கச் சொல்வேன். எழுத்தில் வைக்க வேண்டியது நான் செய்த ஒரு தப்பு. தப்பையும் நான் சின்னதாகச் செய்ததில்லை.

சுகந்தி என்று ஒரு பெண். ஒன்றாம் வகுப்பில் என் பட்டியலுக்கு வந்தவள். அப்பா இல்லை. மின்மோட்டார் கொட்டகையில் ஷாக்கடித்து இறந்துபோனார். அம்மா மல்லிகா வயல்வேலைக்குப் போகிறவர். மல்லிகாவுக்கு ஒரே அண்ணன், நடேசன். வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை. தங்கை தானாகப் பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டதில் அவருக்குக் கோபம். மச்சான் சாவுக்குக்கூடத் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்.

சுகந்தி எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பெரியமனுஷி ஆனாள். சடங்குக்கு நாள் வைத்தார்கள். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சுக் கட்ட வேண்டும், சீர்த்தட்டு வைக்க வேண்டும், முதல் மாலையை அவர் போட வேண்டும். மல்லிகா அண்ணனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். பதில் இல்லை. இரண்டாவது தடவையும் பதில் இல்லை. ஒரு மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“எங்க அண்ணன் வரமாட்டாரு சார். மாமன் இல்லாத சடங்குன்னு புள்ளைக்குப் பேராயிடும். நீங்கதான் வந்து நிக்கணும்.”

யோசிக்க ஒரு நாள் கேட்டிருக்க வேண்டும். நான் ஒரு நிமிஷம்கூடக் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் இன்னொருவர் மாட்டை மேய்த்தவன் நான். எந்த வீட்டு விசேஷத்திலும் என்னை முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை. இப்போது ஒரு வீடே வந்து கூப்பிடுகிறது. சரி என்றேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “போறது போறீங்க. திரும்பி வரப்ப மருமவளையும் கூட்டிட்டு வந்துடுங்க.”

நல்ல வேடிக்கை என்று நான் சிரித்தேன்.

செய்வதை நான் அரைகுறையாகச் செய்வதில்லை. டிராக்டரில் இருபத்தொரு சீர்த்தட்டு. முன்னால் மேளம். மாலை போட்டுக்கொண்டு டிராக்டர் மேலே நின்று வந்தேன். தெருமுனையில் பத்தடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். அதில் சுகந்தியின் படம் சிறியது, என் படம் பெரியது. கீழே ‘தாய்மாமன் சீர்’ என்று எழுத்து. எழுத்தின் அளவை அச்சுக்கடையில் நின்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு அந்தத் தெருவில் என்னைவிடச் சந்தோஷமான மனிதன் இல்லை.

அதன் பிறகு மல்லிகா என்னை ‘அண்ணே’ என்றார். சுகந்தி ‘சார்’ என்பதை விட்டுவிட்டு ‘மாமா’ என்றாள். நான் தெருவுக்குள் நுழைந்தால் “சம்பந்தி வர்றாரு, நாற்காலி போடுங்க” என்பார்கள். பாசத்தில் சொல்கிறார்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நகரத்தில் வளர்ந்த உங்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். தாய்மாமன் என்பது மாலை போட்டுவிட்டு வருகிற ஒருநாள் வேஷம் இல்லை. அந்த இடத்தில் ஒருவர் நின்றால், அவருடைய மகன் அந்தப் பெண்ணுக்கு முறைப்பையன் ஆகிவிடுகிறான். எனக்கு ஒரு மகன். பிரபு. அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தவன், சனிக்கிழமைகளில் நம் மாலை வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பான். நான் எதையும் இணைத்துப் பார்க்கவில்லை. தெரு பார்த்தது.

சுகந்தி ஒன்பதாம் வகுப்பில் சனிக்கிழமை வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். தலைவலி என்றாள், நம்பினேன். பிறகு மற்ற நாட்களிலும் மாலை வகுப்புக்கு வராமல் நின்றாள். வீட்டிலேயே படிக்கிறாள் என்று மல்லிகா சொன்னார், அதையும் நம்பினேன். அவள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம், பொதுத்தேர்வுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அவளுடைய வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டார். மூன்று வாரமாகப் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை, ஹால் டிக்கெட் வாங்கவில்லை, பரீட்சை எழுதமாட்டேன் என்று தோழியிடம் சொல்லியிருக்கிறாள் என்றார்.

நேராக வயலுக்குப் போனேன். சம்பா அறுத்த வயல்களில் உளுந்து முற்றி, பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பெண்களோடு அவளும் உட்கார்ந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரப்பிலிருந்து கூப்பிட்டேன். கையில் இருந்த செடியைக் கீழே போடாமல் எழுந்து வந்தாள்.

“ஏம்மா, பரிச்சைக்கு இன்னும் பதினோரு நாளு. இங்க என்ன பண்றே?”

“அம்மா தனியாப் பறிக்குது மாமா.”

“அம்மா பத்து வருஷமாத் தனியாத்தான் பறிக்குது. வேற சொல்லு.”

கொஞ்ச நேரம் செடியின் வேரிலிருந்து மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “நான் பாஸ் பண்ணா யாரு பாஸ் பண்ணதாச் சொல்லுவாங்க?”

எனக்குப் புரியவில்லை.

“பிரபு அண்ணனுக்குக் கட்டி வைக்கத்தான் நீங்க என்னையப் படிக்க வைக்கிறீங்கன்னு ஊரே பேசுது. பஸ்ஸுல ஏறுனா, சார் வீட்டு மருமவளுக்கு எடம் வுடுங்கடின்னு சிரிக்கிறாளுவ. மார்க் வாங்குனா மாமனார் வாங்கிக் குடுத்தாருன்னுதான் சொல்லுவாளுவ. நான் எதுக்கு மாமா எழுதணும்?”

என் மகனை அவள் அண்ணன் என்கிறாள். ஊர் என்ன சொல்கிறது பாருங்கள்.

மல்லிகாவிடம் திரும்பினேன். ஊர்ப் பேச்சுக்குப் பிள்ளை படிப்பை விடலாமா என்று அவரைக் கேட்டேன். மல்லிகா மடியிலிருந்த காய்களைக் குவியலில் தட்டிவிட்டுச் சிரித்த முகத்தோடு சொன்னார்: “சின்னப் புள்ளைங்க ஏதாச்சும் பேசிக்கிடும். பாஸானா என்னண்ணே, ஆவாட்டி என்ன? உங்க வூட்டுக்குத்தானே வரப்போவுது.”

 இரண்டு வருஷமாக அந்தத் தாய் நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதியைக் கொடுத்தவன் நான். ஒன்பது வருஷம் வரப்பு வரப்பாக நின்று, படிப்பு வேண்டும் என்று அவர் மனதில் நான் ஏற்றிய எல்லாவற்றையும், ஒரே நாளில் டிராக்டரில் வந்து நானே இறக்கிவிட்டிருந்தேன்.

என்னை இந்த வேலையில் சேர்த்த பெரியவர் ஒருவர் உண்டு. எந்தப் பிள்ளை வீட்டு விசேஷத்துக்கும் அவர் அன்றைக்குப் போகமாட்டார். மறுநாள் போவார். பந்தல் பிரித்துக்கொண்டிருப்பார்கள், இவர் கூடப் பிடித்து மூங்கில் அவிழ்ப்பார், மிஞ்சின வடையைத் தின்றுவிட்டு வருவார். கூட்டத்துக்குப் பயந்த மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். விசேஷத்தன்று நாம் நிற்கிற ஒவ்வொரு இடமும் ஒரு உறவாகிவிடும், மறுநாள் எங்கே நின்றாலும் உறவாகாது என்பது அன்று உளுந்து வயலில்தான் எனக்கு உறைத்தது. அவர் வாய்விட்டு ஒருநாள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். நேராகத் தெருவுக்குப் போய், இப்படி ஒரு எண்ணமே எங்களுக்கு இல்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் சோற்றுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அந்த வேலை மட்டும் பண்ணிடாதீங்க. சார் வீட்டுல வேணாம்னுட்டாங்கன்னு ஆயிடும். இப்ப கேலி பண்றவளுங்க அப்ப பாவம் பாப்பாளுங்க. அது இதைவிட மோசம்.”

இதுதான் சிக்கல், தம்பிகளே, தங்கச்சிகளே. வாயை மூடிக்கொண்டிருந்தால் பேச்சு உண்மையாகிவிடும். இல்லை என்று சொன்னால் ஒரு பெண் வேண்டாமென்று தள்ளப்பட்டவள் ஆகிவிடுவாள். இடையில் பதினோரு நாள். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இதற்குப் பக்கம் கிடையாது. சோறு ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு வழிதான் தெரிந்தது. நான் நின்ற இடம் யாருடையதோ அவரிடமே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் வந்து நின்றுவிட்டால் நான் மாமன் இல்லை, பிரபு முறைப்பையன் இல்லை. யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

அதிலும் ஒரு பள்ளம் இருந்தது. நடேசனுக்கும் கல்யாண வயதில் ஒரு மகன் உண்டு. அவர் திரும்பி வந்து, முறைப்படி என் மகனுக்குத்தான் பெண் என்று கேட்டால்? என் மகன் பெயரை எடுத்துவிட்டு அவர் மகன் பெயரை எழுதியது போல ஆகிவிடும். தெரிந்தேதான் போனேன். பிசகான இடத்தில் நான் நிற்பதைவிட, உரிய இடத்தில் நிற்கிறவரிடம் பேசிப் பார்ப்பது மேல் என்று பட்டது.

மறுநாள் காலை வேதாரண்யம் பஸ் ஏறினேன். உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து பாதி, தரையிலிருந்து பாதி அடிக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு விசாரித்துப் போனேன். நடேசன் நீளக் கைப்பிடி வைத்த பலகையால் பாத்தியில் உப்பை வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வேலையை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார்.

“நீங்கதானா. போட்டோவுல இன்னும் கொஞ்சம் செவப்பா இருந்தீங்க.”

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது, மீதியை அவரே சொன்னார். அவர் வந்திருக்கிறார். பதில் சொல்லாத மனிதர், சடங்கன்று மனம் கேட்காமல் மனைவியோடு சீரைத் தூக்கிக்கொண்டு வேன் பிடித்து வந்திருக்கிறார். தெருமுனையில் இறங்கியவர் கண்ணில் முதலில் பட்டது பத்தடி ஃப்ளெக்ஸ். வந்த வேனிலேயே திரும்பிவிட்டார்.

“அங்க ஒரு தாய்மாமன் டிராக்டர்ல நிக்கிறாரு. அப்ப நான் யாருங்க?” என்று கேட்டார். “பட்டுப் பாவாடை தாவணி இன்னமும் என் வீட்டுப் பொட்டியிலதான் கெடக்கு.”

நான் வாழ்க்கையில் அதிகம் மன்னிப்புக் கேட்டவன் இல்லை. அன்று உப்புப் பாத்தி வரப்பில் நின்று கேட்டேன். சுகந்தி வயலில் என்ன சொன்னாள் என்பதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“நான் வந்து நின்னு, என் மவனுக்குப் பொண்ணக் குடுன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க?”

“கேக்காதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. பரிச்சை முடிஞ்சு, அவ படிச்சு முடிச்சு, அவகிட்டயே கேளுங்கன்னு கும்புட்டுக் கேட்டுக்குவேன்.”

அவர் பலகையைக் கீழே வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். “பயப்படாதீங்க. அவன் திருப்பூர்ல ஒரு புள்ளையக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறான். என்னையக் கேக்கவே இல்ல. அப்படியே அத்தை மாதிரி.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நடேசனும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்தத் துணிப்பெட்டியும் வந்தது. தெருமுனையில் நான் காத்திருந்து அவர்களை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தேன். அண்ணனைப் பார்த்து மல்லிகா வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். வழக்கம்போல் எனக்கு நாற்காலி வந்தது. அதை நடேசன் பக்கம் நகர்த்திவிட்டு நின்றுகொண்டேன். தெருவே கூடிவிட்டது. இதற்காகத்தான் நான் காத்திருந்தேன்.

“அன்னைக்கு இவரு வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாயிடுச்சு” என்றேன். “மாமன் எடம் காலியாக் கெடக்கக் கூடாதேன்னு நான் பாத்துக்கிட்டேன். இப்ப அவரு வந்துட்டாரு. இனிமே இந்த வீட்டுக்கு நான் பழையபடி பள்ளிக்கூடத்து ஆளு.”

 எதிர்வீட்டுக் கிழவி ஒருத்தி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: “பஸ்ஸுல எடம் புடிக்கிற மாரி, ரெண்டு வருஷமாத் துண்டு போட்டா வச்சிருந்தீங்க?”

தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே கதவுக்குப் பின்னால் சுகந்தி சிரித்ததும் கேட்டது. கேலி திசை மாறி என் தலைக்கு வந்துவிட்டது. என் தலை தாங்கும். பல மாதம் அந்தத் தெருவில் என் பெயரே துண்டுக்காரர்தான்.

சுகந்தி பரீட்சை எழுதினாள். பாஸ் பண்ணினாள். மார்க் ஒன்றும் பிரமாதம் இல்லை, கணக்கில் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வந்தாள். ஆனால் அந்த மார்க் பட்டியலை யாரும் என் பெயரோடு சேர்த்துப் பேசவில்லை.

அதற்கு நான் ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் பெயரை என் பட்டியலிலிருந்து எடுத்து, நம்மோடு வேலை பார்த்த ஒரு அம்மாவிடம் மாற்றினேன். ஆள் மாறக்கூடாது என்ற சட்டத்தை என் சர்வீஸில் ஒரே ஒருமுறை உடைத்தேன். அதை எழுதிக் கையெழுத்துப் போட்ட அன்று யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போனேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்த பிள்ளை. அவள் பதினொன்றாம் வகுப்பில் என்ன பாடம் எடுத்தாள் என்பதுகூட எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நீங்கள் ஒருநாள் இப்படிக் கையெழுத்துப் போட நேர்ந்தால், அன்றைக்கு என் வீட்டுக்கு வாருங்கள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அவளுக்கு நர்ஸிங் படிக்க இடம் கிடைத்தது. வெளியூர்க் கல்லூரி. சேர்க்கைக்கு அம்மாவும் மாமனும் கூட்டிப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் வரலாம் என்று, அவள் பெயரை நான் மாற்றிக் கொடுத்த அந்தக் களப்பணி அம்மா கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்றேன். உண்மையில் அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. வேறொரு ஊரில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பார்க்கப் போகிறேன் என்று நானே ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டு கிளம்பினேன்.

போகும் வழியில் போன் அடித்தது. வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினேன். நடேசன். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

“சார், ஒரு சந்தேகம். இங்க நம்ம சுகந்திக்கு அட்மிஷன் பாரம் எழுதுறாங்க. பொறுப்பாளர்னு என் பேரப் போட்டுட்டு, நீங்க அவளுக்கு என்ன ஒறவுன்னு என்னையக் கேக்குறாங்க. மல்லிகா ஏதோ வாங்க வெளியில போயிருக்கு. நான் என்ன சார் சொல்ல?”

தங்கை மகளுக்குத் தான் என்ன உறவு என்பது அந்த மனிதருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்ல நினைத்திருக்கிறார்.

“தாய்மாமன்னு சொல்லுங்க” என்றேன்.

போனை வைக்க மறந்துவிட்டார். யாரோ எழுதுகிறவரிடம் அவர் அதைச் சத்தமாகச் சொல்வது கேட்டது. அவர்களுக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது. இன்னும் சத்தமாக இரண்டாவது தடவையும் சொன்னார்.